இருளப்பசாமி சிரிக்கக் கூடாது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு டிபன் பாக்ஸ் மூடியில். ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்க்கிற நூல் மில்லில், மத்தியானச் சாப்பாட்டுக்கு வட்டமாக உட்கார்ந்தால் தன் வீட்டுக் குழம்பைத் தானே ஊற்றிக்கொள்கிற ஆள் கிடையாது. மூடியில் ஊற்றிப் பக்கத்தில் தள்ள வேண்டும். எவர் வீட்டுப் புளிக்குழம்போ நம் சோற்றுக்கு வந்து சேரும். ஒருநாள் அந்த மூடிகளுக்கு நடுவே இரண்டு மாத்திரைகளும் சுற்றி வந்தன.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: “மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல மெல்ல…”

வேண்டாம். நாள் முழுக்க நின்ற கால் வலிக்கிறது. சூரியன் அதுபாட்டுக்கு இறங்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: “இருளப்பசாமிக்குத் தூக்கம் ஒரு” — ஒரு என்ன? எதிரி என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. பாதி வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

2

இருளப்பசாமிக்கு ஓடுகிற மிஷினில் அறுந்த இழையை விரலால் முறுக்கி ஒட்டிவிடுகிற வேலை. கை அவ்வளவு சுத்தம். ஆனால் இரவு நன்றாகத் தூங்கி எழுந்து வந்தாலும் பகலில் நின்றபடியே தூங்கிவிடுவார். பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கை நீட்டியபடி, கல்யாண வீட்டில் மொய் எழுதப் போன வரிசையில், சாமி கும்பிடக் கைகூப்பியபடி. ஊர் அதற்கு ஒரே பேர்தான் வைத்திருந்தது: குடிகாரன். அவரோ சாராய வாடை அடித்தால் பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிறவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர்தான் இது வியாதி, மூளைக்குத் தூக்கத்தைப் பூட்டி வைக்கத் தெரியவில்லை என்று சொல்லி, விழிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொரு தொந்தரவுக்கு அந்த மாத்திரையும் கேட்கவில்லை. சிரித்தால் விழுந்துவிடுவார். முழங்கால் மடங்கும், தலை தொங்கும், நாக்கு கனத்துப் போகும். காது மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

(இதை நான் கற்பனை செய்ததாக நினைக்காதீர்கள். அப்படி ஒரு வியாதி இருக்கிறது. கற்பனை செய்கிறவனாக இருந்தால் அழுதால் விழுவதாக எழுதியிருப்பேன், கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.)

அதனால் எங்கள் வட்டத்தில் யாருக்காவது ஜோக் ஞாபகம் வந்தால், முதலில் இருளப்பசாமியைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைப்போம். பிறகுதான் வாயைத் திறப்போம்.

3

அந்த மத்தியானம் பேச்சை ஆரம்பித்தது முனீஸ்வரி. நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவில் வேலை. அவளுக்கும் அதே டாக்டர், வேறு மாத்திரை. அவளுடையது கவனத்துக்கு.

“அண்ணே, ஒங்க மாத்திரை போட்டா எப்படிண்ணே இருக்கும்?”

“டியூப்லைட்டப் போட்ட மாதிரி இருக்கும். பளிச்சினு எரியும். ஆனா வீட்டுக்காரன் அசதியாத்தான் கெடப்பான். கண்ணு மட்டும் மூடாது. பசி செத்துப் போகும், தலை வலிக்கும். வாய் வேற நிக்காது.”

“அதான் நேத்து சூப்பர்வைசர நிறுத்தி வச்சு ஆட்டுக்குட்டி வளக்கறதப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தீயளாக்கும். பாவம், மூத்திரத்துக்குப் போக வந்த மனுசன்.”

“ஏட்டி, சிரிக்க வைக்காத.”

முனீஸ்வரி தன் கதையைச் சொன்னாள். “எனக்கு மண்டைக்குள்ள எந்நேரமும் நாலு ரேடியோ பாடும்ணே. மாத்திரை போட்டா மூண யாரோ அமத்திருதாவ. ஒரு வேலையத் தொட்டா முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கேன். எதுக்க இருக்கவிய பேசுறது அம்புட்டும் காதுல ஏறுது. ஆனா சாயங்காலம் மருந்து எறங்குத நேரம் இருக்கே, பேய்தான். தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுவேன். நெஞ்சும் படக்கு படக்குங்கும்.”

மிஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் பெலிக்ஸ் விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: “எனக்கும் அண்ணன் மாத்திரையத்தான் எழுதிக் குடுத்தாரு, ஷிப்டு மாறி மாறி வந்தப்போ. ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்துட்டு. நிறுத்துன்னுட்டாரு. இப்போ தூக்கம் வந்தா தூங்குதேன், மெமோ வந்தா வாங்குதேன்.”

இருளப்பசாமி சிரிக்கவில்லை. “எதுக்க இருக்கவிய பேசுறது அம்புட்டும்” என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார்.

4

இங்கே ஒரு சந்தேகம் வந்தது எனக்கு. முனீஸ்வரியை ஆணாக மாற்றிவிடலாமா? மில்லில் நூல் சுற்றுகிற பெண்ணுக்குக் கவனத்துக்கு மாத்திரை என்றால் வாசிக்கிறவர்கள் நம்புவார்களா? மாற்றியே எழுதிவிட்டேன். எழுதியதை அவளிடம் காட்டினேன்.

“என்னைய எதுக்கு ஆம்பளையாக்குனீய?”

“நம்ப மாட்டாவன்னுதான்.”

“அடுப்புல சோறு கரிஞ்சா பொறுப்பத்த சிறுக்கின்னாவ, அப்போ அம்புட்டுப் பேரும் நம்புனாவள்லா? அதுக்கு டாக்டர் மாத்திரை குடுத்தா மட்டும் நம்ப மாட்டாவளோ? எம் மகளக் காட்டத்தான் போனேன். டாக்டர் அவளப் பாக்காம என் காலு ஆடுறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதை எழுதுங்க.”

எழுதிவிட்டேன். அவள் பெண்ணாகவே இருக்கட்டும்.

5

இனி விஷயம். இருளப்பசாமியின் மகள் பாண்டிசெல்விக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் பெயர் சிவபாண்டி, ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரியில் வேலை. அப்பா காளிராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் பைப் கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று எப்படியோ தப்பியாகிவிட்டது, இருளப்பசாமி வெளியிலும் உள்ளேயும் நடந்துகொண்டே இருந்தார். அவர்கள் போன பிறகு, எதற்கும் வாய் திறக்காத பாண்டிசெல்வி, “இந்த இடம் எனக்குப் புடிச்சிருக்குப்பா” என்றாள்.

இதற்கு முன்னால் ஒரு இடம் வந்து கலைந்திருந்தது. பேச்சுக்கு நடுவே இருளப்பசாமி தூங்கிவிட்டார். அது ஒன்றுதான் காரணம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். பேசி முடிந்தால் தட்டு மாற்றிக்கொள்ளலாம். இருளப்பசாமியின் பயம் இப்படிப் போயிற்று: மாத்திரை போடாவிட்டால் தூங்கிவிடுவேன். போட்டால் ஓயாமல் பேசி, பேச்சோடு பேச்சாக வியாதியையும் உளறிவிடுவேன். முனீஸ்வரி மாத்திரை என்றால் முழித்தும் இருக்கலாம், எதிரே இருப்பவர் சொல்வதையும் அடக்கமாகக் கேட்கலாம்.

சனிக்கிழமைச் சாப்பாட்டில் மூடியோடு மூடியாக அது கை மாறியது. அவள் ஒன்று தள்ளினாள். பதிலுக்கு ஒன்று தள்ளாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று இவரும் ஒன்று தள்ளினார்.

(டாக்டர் எச்சரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எச்சரித்தார். ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் தொடவே கூடாது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். தலையாட்டினார்கள். கை வேறு பழக்கத்தில் இருந்தது.)

6

நான் அங்கே போகவில்லை. போனவர்கள் இருளப்பசாமி, அவர் மனைவி வெள்ளைத்தாய், தங்கச்சி முறைக்கு முனீஸ்வரி. பதற்றத்தில் அவர் காலையில் சாப்பிடவில்லை. பேச்சு முடியாமல் அந்த வீட்டில் கை நனைக்கவும் கூடாது. வெறும் வயிற்றில் அந்த மாத்திரை.

பஸ் இறங்கும்போதே நெஞ்சு மிஷின் மாதிரி ஓடியது. காளிராஜ் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. அளவுக்கு மேலேயே தெரிந்தது. காளிராஜ் நகையைப் பற்றி, மண்டபத்தைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். இருளப்பசாமிக்கு அது ஏறவில்லை. அவர் கவனம் முழுக்கக் காளிராஜின் தோள் துண்டில், ஓரத்தில் அறுந்து தொங்கிய ஒற்றை இழையில் போய் ஒட்டிக்கொண்டது. உலகத்தில் வேறு எதுவுமே இல்லை. கை தானாகப் போயிற்று. பிடித்தார், முறுக்கினார், ஒட்டினார்.

காளிராஜ் தன் தோளைப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, லீவு நாள்லயும் மில்லு ஓடுதோ?”

எல்லோரும் சிரித்தார்கள். இருளப்பசாமியும் சிரித்தார்.

நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தார். கண் பாதி மூடியிருந்தது. காது மூடவில்லை.

“ஐயையோ, என்ன ஆச்சு!”

“குடிச்சிருக்காரோ?” ஒரு பெண் குரல், பையனுக்கு அத்தை. “கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாரா, அப்பவே நெனச்சேன்.”

வெள்ளைத்தாயின் குரல்: “ஆமா மதினி. மக கலியாணம்னு சந்தோசத்துல செத்த போட்டுட்டாவ. மன்னிச்சிருங்க.”

முனீஸ்வரி எதையோ சொல்ல வாயெடுத்தாள். வெள்ளைத்தாய் அவள் தொடையில் கிள்ளினாள். (கன்றிய இடத்தை எனக்குக் காட்ட மாட்டேன் என்றாள். நம்பிக்கொள்கிறேன்.)

காளிராஜ் பெருமூச்சு விட்டார். “அட, இம்புட்டுத்தானா! நான் வலிப்பு கிலிப்போன்னு பயந்துட்டேன். வியாதின்னா யோசிக்கணும்லா, நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கும் வரும். தண்ணி போடுறதுக்கு என்ன, நான் போடாததா? ஏலே சிவபாண்டி, சம்மந்திக்கு மோர் கொண்டா!”

அதுவரைக்கும் அண்ணாச்சி. கீழே விழுந்து கிடந்த பிறகு சம்மந்தி.

7

முதல் முடிவு: இருளப்பசாமி மோரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். தட்டு மாற்றுகிறார்கள். பாண்டிசெல்வி நன்றாக வாழ்கிறாள். நல்ல நாள் வந்தால் சம்மந்தி ஒரு பாட்டிலோடு வருகிறார். வாடையே ஆகாத மனிதர் மகளுக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு

இதற்கு மேல் எழுத வரவில்லை. ஆனால் வெள்ளைத்தாய் இதுதான் சரியான முடிவு என்கிறாள். “குடிகாரன் மகளுக்கு ஊர்ல மாப்பிள்ளை கெடைப்பான். வியாதிக்காரன் மகளுக்கு யாரு இருக்கா, சொல்லுங்க? நீங்க கதை எழுதிட்டுப் போயிருவீய. அவ எங்க போவா?”

இரண்டாவது முடிவு: “அவர் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து, கணீரென்று…”

எழ முடியாமல் கிடக்கிற ஆளைக் கணீரென்று பேச வைக்கிறேன். அடித்துவிட்டேன்.

8

மூன்றாவது.

விரல் முதலில் திரும்பியது. பிறகு கழுத்து, பிறகு முழங்கால். நாக்கு கடைசியில். தரையில் உட்கார்ந்தபடியே இருளப்பசாமி சொன்னார். குழறலாகத்தான் வந்தது.

“நான் குடிக்கல. ஒருநாளும் குடிச்சதில்ல. எனக்குப் பகல்ல தூக்கம் வருத வியாதி. சிரிச்சா விழுந்துருவேன். இன்னைக்கு அடுத்தவ மாத்திரையப் போட்டு வந்தேன், அது என் புத்திகெட்ட வேலை. இவ பயத்துல பொய் சொல்லிட்டா, அவள ஒண்ணும் சொல்லாதீய. டாக்டர் இந்த ஊர்லதான் இருக்காரு. கூட வாங்க, கேப்போம். பிள்ளைகளுக்கு வருமான்னு நானும் கேட்டேன். பெரும்பாலும் வராதுங்காரு. வரவே வராதுன்னு சொல்லச் சொன்னா, சொல்ல மாட்டேங்காரு.”

இதற்குக் காளிராஜ் என்ன சொன்னார் என்று பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை தெய்வமாகிவிடுகிறார், அடுத்த தடவை அயோக்கியன் ஆகிவிடுகிறார். அவர் இரண்டும் இல்லை. பைப் விற்கிறவர், ஒரே மகனைப் பெற்றவர். எனக்கு இருப்பது எல்லாம் பெண் பிள்ளைகள். நான் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. உட்காராத இடத்திலிருந்து எப்படிப் பேசுவது?

மகன் வைத்திருக்கிறவர்கள் யாராவது வந்து உட்காருங்கள். ஆமாம், நீங்கள்தான். மகன் மோர்ச் செம்போடு வாசற்படியில் நிற்கிறான், உங்கள் முகத்தைப் பார்க்கிறான். தட்டு நடுவில் இருக்கிறது. வெள்ளைத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முனீஸ்வரியின் கால் ஆடுகிறது. இருளப்பசாமி கண் கொட்டாமல் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.