பிள்ளையார் வாசலில் ஒரு பிஸ்டல்

யோகநாதன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அதிபரின் அறைக் கதவை அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் யாரும் சாத்துவதில்லை. அதிபர் சிவனேஸ்வரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மிஸ், எனக்கு லைசன்ஸ் கிடைச்சிட்டுது."

"மோட்டர்சைக்கிளுக்கோ?"

"இல்லை." அவர் போட்டிருந்த சேட்டின் கீழ் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "பிஸ்டலுக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. சேட்டுக்குள்ள இருக்கும். உங்களுக்குச் சொல்லாமல் உள்ளுக்குக் கொண்டு வாறது சரியில்லை எண்டு பட்டுது. அதுதான் கேக்க வந்தனான்."

யோகநாதன் கட்டடத் துறை விரிவுரையாளர். சாந்தமான மனிதர். வெள்ளிக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளையார் கோயிலில் தேவாரம் பாடுபவர். புதிய விடுதிக் கட்டடத்தின் தூண்களைப் பார்த்துவிட்டு, இதில் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியாது என்று அவர்தான் எழுதிக் கொடுத்தார். வேலை நின்றது. அதன் பிறகு ஒரு மாலை, வவுனியா நகரின் ஓரத்திலுள்ள அவருடைய வீட்டு வாசற்படலையில் மோட்டார் சைக்கிளில் வந்த யாரோ சுட்டுவிட்டுப் போனார்கள். சண்டை நின்றிருந்த காலம் அது. வன்னிக்குப் போகும் ஓமந்தைப் பாதை திறந்திருந்தது. ஆனாலும் ஊரில் துவக்குகள் குறைந்திருக்கவில்லை. சுட்டது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ," என்றார் சிவனேஸ்வரி. "யோசிச்சுச் சொல்லுறன். அதுவரைக்கும் உள்ளுக்குக் கொண்டு வராதேங்கோ."

யோகநாதன் தலையாட்டினார். ஆனால் ஓம் என்று சொல்லவில்லை.

கல்லூரி விதிகளில் மாணவர்களின் பைகளைச் சோதிப்பது பற்றி இருந்தது. அரசாங்கமே அனுமதி கொடுத்த ஆயுதத்தோடு ஆசிரியர் ஒருவர் வந்தால் என்ன செய்வதென்று இல்லை. சிவனேஸ்வரி விவசாய இயந்திரப் பிரிவு முத்தலிப்பைக் கூப்பிட்டுக் கேட்டார். முத்தலிப் குடும்பத்தோடு முல்லைத்தீவிலிருந்து, மற்ற முஸ்லிம்களைப் போலவே துவக்கு முனையில் வெளியேற்றப்பட்டவர். புத்தளத்தில் தென்னங்கிடுகுக் கொட்டிலில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். அவர் வேண்டாமென்றுதான் சொல்வார் என்று சிவனேஸ்வரி எதிர்பார்த்தார்.

"விடுங்கோ மிஸ், கொண்டு வரட்டும்," என்றார் முத்தலிப். "என்ர படலையில சுட்டிருந்தா நானும் வாங்கியிருப்பன். பயந்தவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்டு. யோகனுக்கு ஸ்டேப்ளரே ஒழுங்கா அடிக்கத் தெரியாது. போன கிழமையும் விரலில அடிச்சவர்."

சிவனேஸ்வரி சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பே அவருக்குப் பயத்தைத் தந்தது.

மறுநாள் யோகநாதனின் மனைவி விமலேஸ்வரி வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"அவர் கேட்டதெண்டு சொன்னவர். மறுக்காதேங்கோ மிஸ். மறுத்தா வேலையை விட்டிட்டு இந்தியாவுக்குப் போவம் எண்டுறார். அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"துவக்கோட பிள்ளைகளுக்கு நடுவில நிக்கிறதை எப்பிடியம்மா நான் ஓம் எண்டு சொல்லுறது?"

"வேண்டாம் எண்டு சொல்லுறது லேசு," என்றார் விமலேஸ்வரி. குரல் உயரவில்லை. "அவர் பின்னேரம் வந்து சேருமட்டும் படலையடியில நிக்கிறது நான்தானே."

 சிவனேஸ்வரி தேத்தண்ணீர் எடுப்பித்துக் கொடுத்தார். விமலேஸ்வரி அதைக் குடித்துவிட்டு, கோப்பையை வெளிக்குழாயில் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சிவனேஸ்வரி இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை. மதியப் பூசைக்குக் கல்லூரி மருதமரத்தடிப் பிள்ளையார் கோயிலில் கூடியது. கோயில் சிறியது. ஆண்கள் சேட்டைக் கழற்றி வெளியிலுள்ள கம்பியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஐயர் மணியை எடுத்தார். பையன்கள் வெறும் மேலோடு ஒருபுறமும் பெண்பிள்ளைகள் மறுபுறமும் நின்றார்கள். தேவாரம் பாட வேண்டியவரை மட்டும் காணவில்லை.

அவர் வெளியே, வாசலுக்கு நேரே, சேட்டோடு நின்றிருந்தார்.

"சேர், உள்ளுக்கு வாங்கோ," என்று பிரஷாந்தினி கூப்பிட்டாள். விசுவமடுவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். தேவாரத்தில் அவருக்குப் பின்பாட்டு அவள்தான்.

"இல்லைப் பிள்ளை, காய்ச்சல் வாற மாதிரிக் கிடக்கு. இதில நிண்டு கும்பிடுறன்."

சிவனேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. சேட்டைக் கழற்ற முடியாத காரணம் அந்தக் கூட்டத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும். தன் சொல்லை மீறிவிட்டாரே என்று கோபம் வந்தது. ஆனால் வெயிலில் அப்படித் தனியே நின்ற மனிதரைப் பார்க்க, கோபம் நிற்கவில்லை.

தீபம் காட்டப்பட்டது. எல்லோரும் தலையில் குட்டிக்கொண்டார்கள். யோகநாதனும் கண்களை மூடிக் குட்டிக்கொண்டார். சின்ன வயதிலிருந்து பிள்ளையாருக்கு முன்னால் செய்து வந்ததை உடம்பு தானாகவே செய்தது. கைகளை மாற்றிக் காதைப் பிடித்தார். குந்தி எழும்பினார். மீண்டும் குந்தினார். இடுப்பில் செருகியிருந்தது சேட்டுக்குள்ளிருந்து நழுவி, வாசற்படிச் சீமெந்தில் விழுந்து, சுழன்று போய் நின்றது.

அது வெடிக்கவில்லை.

யாரோ "துவக்கு" என்றார்கள். பெரிய சத்தமாகக்கூட இல்லை. அவ்வளவுதான், பிள்ளைகள் அத்தனை பேரும் நிலத்தில் கிடந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை, கத்தவில்லை. நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கைகளை ஊன்றி, காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி, எல்லோரும் ஒரேமாதிரிக் கிடந்தார்கள். குண்டு விழும் நேரத்துக்கென்று, பாலர் வகுப்பில் எழுத்துக்கு முன்பே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது அது. சிவனேஸ்வரியும் நிலத்தில்தான் கிடந்தார். எப்போது விழுந்தாரென்று அவருக்கே தெரியவில்லை.

யோகநாதன் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கைகள் இன்னும் காதில் இருந்தன.

முதலில் எழும்பியவள் பிரஷாந்தினி. முழங்கை உரசிச் சிவந்திருந்தது. அவள் பிஸ்டலைப் பார்த்தாள், சேரைப் பார்த்தாள். "ஒண்டுமில்லை சேர்," என்றாள். "நாங்கள் சும்மா பழக்கத்தில."

ஆறுதல் சொல்ல வேண்டியவர் அவர். அவள் முந்திக்கொண்டாள். யோகநாதனுக்கு அதுதான் தாங்கவில்லை.

அலுவலகத்தில் தோட்டாக்களைக் கழற்றி, பிஸ்டலை மேசையில் வைத்தார். 

"நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை மிஸ். அதுகள் கிடந்த கிடையைப் பார்த்திட்டன். இனி இது இந்தக் கல்லூரி வளவுக்குள்ள வராது. இது இல்லாமல் அந்த ரோட்டால எனக்கும் வரேலாது. திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் தாறன்."

ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதைக் கீழே போடச் சொல்பவர், அந்தக் கையில் வேறொன்றைக் கொடுக்க வேண்டாமா? விமலேஸ்வரி போனதிலிருந்து சிவனேஸ்வரி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கொடுக்க ஒன்று அவரிடம் இருந்தது. தனியாக வாழ்ந்து பழகியவருக்கு அது இலேசான காரியமல்ல. அதனால்தான் இவ்வளவு நேரமும் அதைப் பாராததுபோல் இருந்தார்.

"யோகநாதன், வளவுக்குள்ள என்ர குவாட்டர்ஸ் கிடக்கு. நான் ஒரு ஆள். அறை மூண்டு. ரெண்டை நீங்கள் எடுங்கோ. ரோட்டில போனால்தானே பயம்? வீட்டிலயிருந்து வகுப்புக்கு மருதமரத்தைச் சுத்தி வந்தாச் சரி."

"அது சரிவராது மிஸ். உங்களுக்குக் கரைச்சல்."

"கரைச்சல்தான். குசினி ஒண்டுதான் இருக்கு. விமலேஸ்வரியின்ர சமையலைச் சாப்பிட்டுச் சமாளிக்கிறன்."

அறை வாசலில் நின்ற முத்தலிப் உள்ளே வந்தார். "லான்ட்மாஸ்டர் உழவு மிஷினை இழுவைப் பெட்டியோட கொண்டு வாறன். அலுமாரி, கட்டில் எல்லாம் ஏத்தலாம். இந்தத் துவக்கைப் பொலிஸில குடுக்கவும் நானே கூட வாறன்."

"ரோட்டில என்னோட வந்து நீரும் சேர்ந்து செத்தா?"

"போற வழிக்குக் கதைக்க ஆள் இருக்கும்."

யோகநாதன் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவர் அழுது முடிக்கும்வரை இருவரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிஸ்டல் பொலிஸுக்குப் போனது, யோகநாதன் குடும்பம் குவாட்டர்ஸுக்கு வந்தது. சுட்டவர்கள் பிடிபடவில்லை. பயமும் அடியோடு போய்விடவில்லை. சந்தைக்குப் போக வேண்டியிருந்தால் முத்தலிப்பின் மகன் ஸஜாத் சாமான் வாங்கி வந்தான். ஒரே குசினியில் உப்புப் போத்தலை எங்கே வைப்பதென்று இரண்டு பெண்களும் மனஸ்தாபப்பட்டார்கள். சிவனேஸ்வரி மேல்தட்டில் வைப்பார், விமலேஸ்வரி இறக்கி வைப்பார். வந்த முதல் நாட்களில் விமலேஸ்வரி, யோகநாதன் வரும் நேரமானதும் தன்னையறியாமல் குவாட்டர்ஸ் படலைக்குப் போய் நிற்பார். மருதமரத்தடியால் கணவர் நடந்து வருவதைக் கண்டதும் வெட்கப்பட்டுத் திரும்புவார்.

குடிவந்த பிறகான முதல் வெள்ளிக்கிழமை யோகநாதன் சேட்டைக் கழற்றிக் கம்பியில் போட்டார். அது காற்றில் பறக்காமலிருக்கப் பையனொருவன் தன்னுடைய சேட்டை அதன்மேல் போட்டான். பிள்ளைகள் வழிவிட, அவர் உள்ளே போய்ப் பாடத் தொடங்கினார். முதலடியில் குரல் உடைந்தது. பிரஷாந்தினி அந்த அடியை எடுத்துக்கொண்டு பாட, இரண்டாம் அடியில் அவர் சேர்ந்துகொண்டார்.

குசினியில் விமலேஸ்வரிக்கு அது கேட்டது. பூசை முடிந்து அவர் வரும் நேரமானபோது, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அன்று விமலேஸ்வரி படலைக்குப் போகவில்லை. மேல்தட்டிலிருந்து உப்பை எடுத்துப் போட்டு, போத்தலைத் திரும்ப மேல்தட்டிலேயே வைத்தார்.