ஆட்டுக்கொம்பு சைக்கிள்

கோச்சியின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகுதான் ஹட்டன் ஸ்டேஷனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கென்று தனியாக விட்ட ரயில் அது. ஏறியவர்களில் அழாமல் ஏறியவர் யாருமில்லை. வழியனுப்ப வந்தவர்களோ பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு ஆடி மாத மழை வேறு.

செல்லசாமி தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்காள் வீரம்மா நாட்டை விட்டே போகிறாள், இவன் கண்ணைத் துடைக்காமல் சைக்கிளைத் துடைக்கிறானே என்று நாலு பேர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். கைக்கு ஒரு வேலை இல்லாவிட்டால் அவனும் தரையில் விழுந்து ஊளையிட்டிருப்பான்.

மனைவி நாகலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் இடுப்பில் குழந்தை இல்லை.

"ஏங்க, புள்ளைய குடுங்க. பசியில அழும்."

"எங்கிட்ட ஏது புள்ள? ஒங்கிட்டதானே இருந்துச்சு?"

"மதினி கேட்டாங்கன்னு ஜன்னலால குடுத்தேன். நீங்க அங்கனதானே நின்னீங்க? வாங்கலியா?"

போகிறவர்கள் கடைசியாக ஒருமுறை குழந்தைகளை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத் திருப்பித் தருவது அப்போது எல்லா ஸ்டேஷனிலும் வழக்கமாகிவிட்டிருந்தது. விசில் ஊதியதும் ஜன்னல்களில் ஒரே கைகளாகத் தெரிந்தன. புருஷன் வாங்கியிருப்பான் என்று இவள் நினைத்தாள். பெண்டாட்டி வாங்கியிருப்பாள் என்று அவன் நினைத்தான். பத்து மாதத்துக் குழந்தை மீனம்மா கோச்சியோடு போய்விட்டாள்.

"ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லுங்க! போன் போட்டு நிப்பாட்டச் சொல்லுங்க!"

அவனும் அந்தப் பக்கம்தான் ஓடினான். பாதி வழியில் கால் தானாக நின்றது.

வீரம்மாவுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது, தெய்வானை. மீனம்மாவுக்கு ஒரு மாதம் மூத்தது. பாஸ்போர்ட்டில் தாய் தகப்பன் பெயருக்குக் கீழே அந்தப் பெயரும் ஏறியிருந்தது. சித்திரையில் வயிற்றோட்டம் கண்டு குழந்தை செத்துப்போனது. கண்டியிலுள்ள பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் அதைச் சொன்னால் காகிதமெல்லாம் மறுபடி முதலிலிருந்து என்று பயந்து, அக்காள் புருஷன் மாயாண்டி வாயைத் திறக்கவில்லை. கப்பலில் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். இப்போது ஸ்டேஷன் மாஸ்டர் போன் போட்டால் பொலிஸ் வரும், பாஸ்போர்ட்டை விரிக்கும், உள்ள குழந்தை எது, இல்லாத குழந்தை எது என்று கேட்கும். பயணம் நின்றுபோகும். அவர்கள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவையோ போன வாரமே தோட்டத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் அவர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அவன் காலை நிறுத்தியது அது மட்டுமல்ல. பிரசவத்துக்குப் பிறகு நாகலெட்சுமி காய்ச்சலில் கிடந்தபோது, இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்தவள் வீரம்மா. தன் குழந்தையைப் புதைத்த பிறகும் மீனம்மாவுக்குக் கொடுப்பதை அவள் நிறுத்தவில்லை. பாலும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் பெயரும் இருக்கிறது, மடியில் குழந்தையும் இருக்கிறது. இனி அவளுக்கு என்ன வேண்டும்? கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று செல்லசாமிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நினைப்பு போக மறுத்தது.

நாகலெட்சுமியும் அதையே நினைத்துவிட்டாள் என்பது அவள் கேட்டதில் தெரிந்தது.

"குடுத்துருவாங்கல்ல?"

"வட்டவளையில மேல வார கோச்சிக்காக நிப்பாட்டுவான். அங்க புடிச்சிருவேன். யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான். வட்டவளையை விட்டால் ரோட்டிலிருந்து எட்டாத கலபொடையில் ஒரு நிமிஷம், பிறகு நாவலப்பிட்டிதான். அங்கே அதிகாரிகள் பெட்டி பெட்டியாக ஏறித் தலையெண்ணுவார்கள். எண்ணி முடித்தபின் மீனம்மா தெய்வானையாகிவிடுவாள்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குப் போன சின்னதொரை பங்களாவில் விட்டுப்போன வண்டி அது. வளைந்து இறங்கிய ஹேண்டிலைப் பார்த்து, லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அதற்கு ஆட்டுக்கொம்பு என்று பெயர் வைத்தார்கள். பேர்போன கம்பெனி செய்த பேர்போகாத வண்டி. பந்தயக்காரர்களின் அலுமினியமெல்லாம் அதில் கிடையாது, ரிம் முதல் பெடல் வரை வெறும் இரும்பு. சீமையில் பள்ளிக்கூடப் பையன்களுக்கு விற்ற மலிவுச் சரக்கு என்று சின்னதொரையே சொல்வாராம். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று செல்லசாமி வாங்கிக்கொண்டான்.

கெரியர் இல்லை, மட்கார்ட் இல்லை, ஸ்டேண்ட் இல்லை. "அரை மூட்ட அரிசி ஏத்த வழியில்ல, இதெல்லாம் ஒரு சைக்கிளா?" என்று நாகலெட்சுமி நாள் தவறாமல் கேட்பாள். மனிதர் படுக்கவே இடமில்லாத காம்பராவில் அவன் அதைக் கூரைக் கட்டையில் தொங்கவிட்டிருந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவனைக் கேட்டால், தேயிலைப் பெக்டரியில் நாளெல்லாம் ரோலர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று காது மரத்தவனுக்கு, அந்த மெல்லிய டயர் தார் ரோட்டில் போடும் சன்னச் சத்தம் போதும் என்பான். ஐந்து கியர். ஏற்றத்தில் மற்றவர்கள் இறங்கித் தள்ளும்போது அவன் உட்கார்ந்தபடியே போவான். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்க்கும்போது, இந்த மலையில் தன்னை யாரும் விரட்டவில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றும். லயத்துக்காரனுக்கு அது சின்ன விஷயமில்லை.

கடைத்தெருவைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. அவன் கியரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுக் கொம்பின் அடியைப் பிடித்துக் குனிந்தான். மழை முகத்தில் குத்தியது. இறக்கம் சைக்கிளுக்குச் சாதகம், மழையோ அதன் பரம எதிரி. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்காது. பிடித்துப் பார்த்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டு ஓடும், கடைசியில் மனசு வந்து பிடிக்கும்போது வளைவு முடிந்திருக்கும். அதனால் வளைவு வருவதற்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு, ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். எத்தனையோ மழைநாளில் பழகியதுதான். ஆனால் பிள்ளையைக் கோச்சியோடு போகவிட்டுவிட்டு அல்ல.

முன்னால் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஹார்ன் இல்லாதவன் தொண்டையால் கத்தினான். அது ஒதுங்கவில்லை. பள்ளத்துப் பக்கமாக ஒரு முழ இடைவெளி தெரிந்தது. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, அன்றைக்கு அந்த மட்டுப் புத்திதான் அவனை லொறிக்கு முன்னால் கொண்டுவந்து விட்டது.

ரொசல்லைக்குப் பக்கத்தில் தண்டவாளம் ரோட்டுக்கு நெருங்கி வந்தபோது கோச்சியைப் பார்த்தான். மிஸ்டு மூட்டத்துக்குள்ளே பெட்டிகள் நிதானமாக, அவசரமே இல்லாமல், தேயிலையைச் சுற்றிக்கொண்டு போயின. மழைக்காக எல்லா ஜன்னலும் அடைத்திருந்தது. "அக்கா!" என்று கத்தினான். ஒரு ஷட்டரும் உயரவில்லை. கோச்சி பாறையை வெட்டிய வழிக்குள் நுழைந்து மறைந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் எதிரே இருந்த வளைவைத் தவறவிட்டான். பிரேக்கை நெரித்தான். கட்டை வழுக்கியது. பின்சக்கரம் பக்கவாட்டில் போக, சைக்கிளும் அவனுமாக ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போய் மதகுக் கல்லில் மோதி நின்றார்கள். முழங்கை கிழிந்து சதை தெரிந்தது. அவன் முதலில் பார்த்தது சக்கரத்தைத்தான். முன் ரிம் கோணியிருந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக்கில் உரசியது. முன் பிரேக்கை அவிழ்த்து விட்டான். உயர்ந்த சாதி வண்டியாக இருந்தால் அந்த இடத்திலேயே அப்பளமாகியிருக்கும். இது மலிவு இரும்பு. நெளிந்தும் ஓடியது.

அதற்குப் பிறகு ஒரே பிரேக்கில், ஒரு காலைத் தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு இறங்கினான். என்ன சொல்வது என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டே வந்தான். 'நீயெல்லாம் ஒரு அக்காவா' என்று ஆரம்பிக்க வேண்டும். 'எம் புள்ளைய திருடிக்கிட்டுப் போயி ஒம் புள்ள பேர வச்சி வளக்கப் பாத்தியா' என்று கேட்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்றால் பிடுங்க வேண்டும்.

வட்டவளையில், ரோட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் ஓடினான். கீழே கோச்சி நின்றுகொண்டிருந்தது. மேலே வரும் கோச்சியின் ஊதல் தூரத்தில் கேட்டது. அது வந்து சேர்ந்தவுடன் இது கிளம்பிவிடும்.

மூன்றாவது பெட்டியில் ஒரு ஷட்டரைத் தட்டினான். மாயாண்டி உயர்த்தினான். செல்லசாமியின் முழங்கையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இங்கனயே எறங்கி ஸ்டேசன்காரங்ககிட்ட குடுத்துருவோம்னு சொன்னேன் மாப்ள. அவ கைய விடல."

வீரம்மா அடுத்த ஜன்னலோரம் இருந்தாள். மீனம்மா அவள் மாராப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் பால் காய்ந்திருந்தது.

செல்லசாமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குழந்தையின் காலைப் பிடித்தான். சூடாக இருந்தது. அடுக்கி வைத்த வார்த்தையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"குடுக்கா. பொறப்படப் போவுது."

அவள் குழந்தையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"இப்பத்தான் தம்பி தூங்குது."

"அக்கா, அங்க நாகு பைத்தியம் புடிச்ச மாதிரி நிக்கிறா."

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "கலபொட வரைக்கும் வச்சிருக்கேனே. அங்கயும் ஒரு நிமிசம் நிப்பாட்டுவான்."

மேலே வரும் கோச்சி இரைந்துகொண்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. கார்ட் பச்சைக் கொடியை விரித்தார். பிடுங்கியிருக்கலாம். பிடித்த கால் கையிலேயேதான் இருந்தது. ஹட்டனில் நாகலெட்சுமிக்கு ஒவ்வொரு நிமிஷமும் எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் காலை விட்டான். மழைத்துளி நிற்கவே விடாமல் துடைத்துத் துடைத்து வைத்த சைக்கிளைப் பிளாட்பாரத்துச் சேற்றில் போட்டுவிட்டு ஓடி, நகரத் தொடங்கிய பெட்டியில் தொற்றி ஏறினான்.

"மல்லி! பைசிகலே!" என்று சிங்களப் போர்ட்டர் ஒருவர், தம்பி சைக்கிளை விட்டுப் போகிறானே என்று, பின்னால் கத்தினார். அவன் திரும்பவில்லை.

வீரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் கலபொடையில் கொடுப்பாளா என்று அவனுக்கு அப்போதும் நிச்சயமில்லை. கொடுக்காவிட்டால் அடுத்து நாவலப்பிட்டிதான். அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோச்சி ஒரு குகைக்குள் நுழைந்து இருட்டியபோது அவன் எழுந்தே நின்றுவிட்டான். வெளிச்சம் வந்ததும் அவள் அதைப் பார்த்தாள்.

கலபொடைக்காக வண்டி வேகம் குறைந்தது. அவன் கேட்பதற்கு முன்னால் அவளே எழுந்து குழந்தையை அவன் தோளில் சாய்த்தாள்.

"நீ வருவேன்னு தெரியும் தம்பி. வராம இருக்கணும்னு மாரியம்மாவ கும்புட்டுக்கிட்டே வந்தேன். அத மறைக்க மாட்டேன்."

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்காள் காலைத் தொடக் குனிந்தான், குழந்தை இருந்ததால் முடியவில்லை. மாயாண்டி அவனைத் தள்ளாத குறையாகப் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டான்.

குளிர்காற்று பட்டதும் மீனம்மா விழித்தாள். அப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் தோளுக்கு மேலாகக் கோச்சியின் பக்கம் இரண்டு கையையும் நீட்டி வீறிட்டாள். ஜன்னலில் வீரம்மாவின் முகம் தெரிந்தது. குழந்தை தன்னைப் பார்த்து அழ வேண்டாமென்று, கோச்சி கிளம்புவதற்கு முன்பே அவள் ஷட்டரை இறக்கிவிட்டாள்.