எக்ஸஸிவ்

தையல் ஆலையில் பதினொரு வருடமாகச் சட்டைக் காலர் தைத்துத் தைத்து அவளுக்கு ‘காலரக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அன்று அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நாலே வரி, எல்லாம் ஆங்கிலம். மேற்பார்வையாளர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மகளிடம் நீட்டினாள்.

மகளுக்கு வாசிக்கவே கூச்சமாக இருந்தது. “நீ எக்ஸஸிவா பாத்ரூம் போறியாம்மா.”

“அப்படின்னா? நெறையவா?”

“நெறையன்னா வெறும் நெறைய. இது குத்தம் சொல்ற வார்த்தை. அளவைத் தாண்டிட்டேன்னு அர்த்தம்.”

காலரக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்து ஒரு வருடமாகிறது. வெட்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. “அளவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே தாண்டுறதுக்கு?”

மறுநாள் நேரே மேலாளர் அறைக்குப் போனாள். “அளவுக்கு மேலன்னு எழுதியிருக்கீங்க சார். அளவு எவ்வளவு?”

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். “அது… பொதுவா எழுதுறதும்மா.”

“பொதுவா எழுதினதுக்கா என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க?”

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பக்கத்து மெஷினில் பட்டன் தைக்கும் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. விஷயத்தைக் கேட்டு அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். “நல்லா மூக்கை உடைச்சீங்கக்கா!”

திங்கட்கிழமை கழிப்பறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லாருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள்: ஆளுக்கு ஒரு ஷிஃப்டில் இரண்டு முறை. பக்கத்தில் நோட்டும் கையுமாகக் காவலாளி.

சாப்பாட்டு நேரத்தில் காலரக்காவின் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பட்டன்காரிதான் வாய்விட்டுக் கேட்டாள். “உங்க ஒருத்தியோட போயிருக்கும். எங்க எல்லார் தலையிலயும் கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே! யாருக்கா உங்களைக் கேக்கச் சொன்னா?”

 மறுநாளிலிருந்து காலரக்கா காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். நாக்கு ஒட்டிக்கொண்டது, தலை சுற்றியது. மகளிடம் மூச்சு விடவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு பிற்பகல். கழிப்பறை வாசலில் காவலாளி பட்டன்காரியை மறித்து நிற்பது தெரிந்தது. காலரக்கா எழுந்து போனாள். “எனக்கு இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்குல்ல? அதை இவளுக்குப் போட்டுக்கோ.”

காவலாளி நோட்டில் குறித்துக்கொண்டு வழிவிட்டான். உள்ளே ஓடியவள், திரும்பி வரும்போது காலரக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. காலரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காலரை எடுத்தாள்.