தனபால் பட்டறையின் மேற்குச் சுவர்

நாமக்கல்லில் திருச்செங்கோட்டுச் சாலையில் இருக்கும் தனபாலின் லாரி பாடி கட்டும் பட்டறை, அவர் மகள் யுவஸ்ரீ கணக்குப் போட ஆரம்பித்த நாளிலிருந்து சுருங்கத் தொடங்கியது. புள்ளியியல் படித்த பெண். வெல்டர் நட்டு எடுக்க எவ்வளவு தூரம் நடக்கிறார், தச்சர் பலகைக்காக எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கூட்டிப் பார்த்து, வீண் நடையை ஒவ்வொன்றாகக் கழித்தாள். அவள் தாளில் கழித்ததைப் பட்டறை தன் தரையில் கழித்துக்கொண்டது. மேற்குச் சுவர் மெல்ல மெல்ல உள்ளே வந்தது. குறைந்த இடம் பக்கத்துக்காரருக்கும் போகவில்லை, இல்லாமலே போய்விட்டது. கூரையில் நீட்டிக்கொண்டிருந்த தகரத்தைத் தனபால் அவ்வப்போது வெட்டிவிட்டார். கூட்டிப் பெருக்கும் அங்கம்மாளுக்கு ஏக சந்தோஷம். வண்டிகளும் சீக்கிரம் முடிந்தன.

மிச்சம் இருந்தது பெயின்டர் சென்னிமலை. பாடி முடிந்த பிறகுதான் அவருக்கு வேலை என்பதால், பாதிப் பகல் சுவரோரம் கட்டிலில் படுத்திருப்பார். யுவஸ்ரீ பிறந்த வாரம் வெளியே போன லாரியின் நெற்றியில் அவள் பெயரை எழுதியவர். அவர்மேல் அவளுக்கு உயிர். ஆனாலும் கணக்கு கணக்குதானே என்று அந்தப் படுக்கையையும் கழித்து, தகரம் தேய்க்கிற வேலையைக் கொடுத்தாள். சுவர் வந்து கட்டிலை விழுங்கியது. அடுத்த வாரம் ஒருநாள் மழையில் பெயின்ட் காயவில்லை. அந்த ஒரு நாளை ஈடுகட்டச் சென்னிமலையிடம் ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. வாசலில் தேங்கிய வண்டிகளின் வரிசை ராசிபுரம் தாண்டி, சேலம் தாண்டி, அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடியும் தாண்டிப் போயிற்று. ஆர்டரே கொடுக்காத வண்டிகளும் அதில் நின்றன. வால் எங்கே என்று பார்க்கக் கிளம்பிய வாழப்பாடிக்காரர்கள் சலித்துப்போய்த் திரும்பினார்கள்.

சென்னிமலை பிரஷைக் கீழே வைத்தார். "முடியல சாமி. எழுத்தெல்லாம் கோணுது. நாளைக்கிருந்து வரமாட்டேன்னு உங்கய்யன்கிட்டச் சொல்லிப்போடு," என்றார். அவர் இல்லாத பட்டறையை யுவஸ்ரீயால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. முதலிலிருந்து கணக்கைப் போட்டாள். மழையும் காய்ச்சலும் சொல்லாமல் வருகிற ஊரில், கடைசி ஆளின் ஓய்வைப் பூஜ்ஜியமாக்கினால் அவர் முன்னால் நிற்கும் வரிசைக்கு முடிவே கிடையாது என்று வந்தது. படித்த பாடம்தான்; கழிக்கிற குஷியில் மறந்திருந்தாள். பகலில் கால்வாசியை அவருக்கென்று ஒதுக்கி எழுதினாள். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கையில் மேற்குச் சுவர் பின்னால் போயிற்று, ஒரு கட்டில் அளவுக்கு மட்டும். கட்டில் போட்டபடியே கிடந்தது. "நாந்தானுங்க மாமா தப்பாப் போட்டுட்டேன். படுங்க," என்றாள். அவர் எழுந்தபோது வரிசையில் இரண்டே வண்டிகள் நின்றன.

இப்போதும் பட்டறை அந்த ஒரு மூலையில் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. தகரம் கொண்டுவந்த குமரன், கட்டிலை நகர்த்திவிட்டு அங்கே சரக்கை இறக்கட்டுமா, சும்மா கிடக்கிற இடம்தானே என்று கேட்டான். "சும்மா இல்லீங்க, அது கணக்குல இருக்குதுங்க. மெதுவாப் பேசுங்க, மாமா தூங்கறாரு," என்றாள் யுவஸ்ரீ. குமரன் தகரத்தைச் சத்தமில்லாமல் வெளியே இறக்கி வைத்துவிட்டுப் போனான்.