வெறும் சளி

"வெறும் சளிதான்" என்று யாராவது சொன்னால் எனக்கு உச்சிவரை கோபம் ஏறும். பதினோரு வருடத்துக்கு முன்னால் என் மூத்த மகள் சோல்வேயைப் பார்த்து மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள். நான்காம் நாள் முகத்தில் சிவப்புத் தடிப்பு பூத்தது, பத்தாம் நாள் அவளைப் புதைத்தோம். தட்டம்மை. எங்கள் ஊரில் தாயை மூத்த பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை போனாலும் அந்தப் பெயர் போகாது. அதனால் நான் இன்றைக்கும் பினா சோல்வே, சோல்வேயின் அம்மா. அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போனால் அந்தப் பெயர் பத்துத் தடவையாவது என் காதில் விழும்.

மாதம் ஒருமுறை அத்தி மரத்தடியில் பிள்ளைகளுக்கு எடை போடுவோம். கிளையில் தராசு தொங்கும். அதன் கொக்கியில் ஒரு துணிக் கால்சட்டையை மாட்டி, பிள்ளையின் இரண்டு காலையும் உள்ளே விட்டுத் தொங்கவிட வேண்டும். அந்த வேலை என்னுடையது. சம்பளம் கிடையாது, ஒரு தொப்பி கொடுத்தார்கள். ஊசியும் மருந்தும் நர்ஸ் சிட்டாலியின் பொறுப்பு. நாட்டின் மேற்கிலிருந்து வந்தவர், லோசி இனத்துக்காரர். அதே நாளில் இன்னொரு ஊரும் பார்க்க வேண்டியிருப்பதால், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கும்போதே கிளம்புகிற அவசரம் அவர் முகத்தில் தெரியும்.

அது ஜூன் மாதம், எங்கள் நாட்டில் குளிர்காலம். குளிர் எலும்பைக் கடிக்கும், மூக்கு ஒழுகாத பிள்ளை ஊரில் ஒன்று கூட இருக்காது. எழுபது தாய்மார்கள் வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் முதுகில் என் மகன் மூனோ தூங்கிக்கொண்டிருந்தான். சோல்வே போய்ப் பத்து வருடம் கழித்துப் பிறந்தவன், ஏழு மாதம் முடிந்திருந்தது. தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான் போடுவார்கள். அந்த இரண்டு மாதத்தை நான் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது பினா லுஷோமோ தன் மூன்று வயது மகன் லுஷோமோவைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு வந்தாள். அவனுக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தது. வெயில் பட்டதும் முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டான். மூக்கு ஒழுகியது, வறட்டு இருமல், கை வைத்தால் சுட்டது. எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்றேன். மூன்று நாள் என்றாள். தட்டம்மை ஊசி போட்டாயா என்றேன். ஒன்பதாம் மாதத்தில் கணவனோடு ஏரிக்கரையில் மீன் பிடிக்கிற இடத்தில் இருந்ததாகவும் ஊசி அட்டையில் அது விட்டுப்போனதாகவும் சொன்னாள். பையன் கால்சட்டையைப் பார்த்து அலறினான். வாய் திறந்தபோது நான் குனிந்து பார்த்தேன். கன்னத்தின் உட்பக்கம் சிவந்து, அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், உப்புக்கல் தூவிய மாதிரி. சோல்வேயின் வாயிலும் அது இருந்தது. அன்றைக்கு அது என்னவென்று எனக்குத் தெரியாது.

"இது சளி இல்லடி. தட்டம்மை. பிள்ளையைத் தூக்கிட்டு இந்த இடத்தை விட்டுப் போ" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது.

ஏன் சிரித்தார்கள் என்றால், அவள் கழுதைப்புலிக் குலம், நான் யானைக் குலம். இந்த இரண்டு குலத்துக்கும் கேலி முறை. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, கோபப்பட்டவர் தோற்றவர். என் அப்பாவின் சாவு வீட்டில் அவள் சவப்பெட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டு, எழுந்திரு கிழவா, பானையில் இன்னும் பீர் இருக்கு என்று கத்தினாள், அழுதுகொண்டிருந்த நாங்களே சிரித்துவிட்டோம். அவள் கல்யாணத்தில் நானும் அவளைச் சும்மா விடவில்லை. பன்னிரண்டு வருடமாக நாங்கள் ஒருவரிடம் ஒருவர் உண்மை என்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பாருங்கடி, யானைக்காரி என் புள்ளைக்கு எடை போடப் பயந்து நோய் கண்டுபிடிக்கிறா" என்றாள் அவள். "அவன் உட்கார்ந்தா தராசு அறுந்திடும்னு தெரிஞ்சிருக்கு."

நான் விளையாடவில்லை என்று கத்தினேன். கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. இன்றைக்கு யானை நன்றாகப் பிளிறுகிறது என்றாள் ஒருத்தி. என் முதுகில் என் பிள்ளை, எதிரே இருமுகிற பிள்ளை, பின்னால் ஊசி போடும் வயது வராத பதினைந்து கைக்குழந்தைகள். இது காற்றிலேயே தாவுகிற நோய். இவர்களுக்குச் சிரிப்பு வருகிறது.

சிட்டாலியிடம் ஓடினேன். வாயைப் பாருங்கள் சார், விளக்கு அடித்துப் பாருங்கள் என்றேன். அவர் தலை நிமிரவில்லை. தடிப்பு இருக்கிறதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். டார்ச்சில் பாட்டரி தீர்ந்துவிட்டது என்றார்.

"ஜூன் மாசம், எல்லாருக்கும் இருக்கிறதுதான். வெறும் சளி. நீங்க தராசைப் பாருங்க."

பதினோரு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே இரண்டு வார்த்தை. ஒரு ஆள் குனிந்து பிள்ளையின் வாய்க்குள் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சட்டைப் பொத்தான் போடும் நேரம். அந்த நேரம் என் மகளுக்கும் யாரும் கொடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அவர் மேசை மேல் வைத்தேன்.

திரும்பி வந்து பினா லுஷோமோவின் முன்னால் மண்ணில் முழந்தாளிட்டேன். மாமியார் முன்னாலும் தலைவர் முன்னாலும் செய்வது போல, தலை குனிந்து, இரண்டு கையையும் குவித்து மெதுவாகத் தட்டினேன். கேலி முறைக்காரர் முன்னால் யாரும் முழந்தாளிடமாட்டார்கள். எங்கள் ஊரில் அதுவரை யாரும் செய்ததில்லை. சிரிப்பு பட்டென்று நின்றது.

"பினா லுஷோமோ, நான் உங்ககிட்ட கேலி பேசலைங்க" என்றேன். "என் சோல்வேக்கும் மூணு நாள் மூக்குதான் ஒழுகிச்சு. கண்ணு இப்படித்தான் சிவந்துச்சு. அவ வாயில இருந்தது உங்க பையன் வாயில இருக்கு. நீங்களே பாருங்க."

அவள் முகம் சாம்பலாகிப் போனது. பையனின் கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். பிள்ளை கட்டும் துணியில் அவனைப் போர்த்திக்கொண்டு வயல் வழியாக, யார் வீட்டையும் தொடாமல் நடந்து போனாள். நான் வரிசையைக் கலைத்து, ஒவ்வொருத்தியையும் பத்தடி தள்ளி உட்கார வைத்தேன். யாரும் மறுக்கவில்லை.

மறுநாளே லுஷோமோவின் காதுக்குப் பின்னால் தடிப்பு வந்தது. செய்தி போய், இரண்டாம் நாள் சிட்டாலி ஒரு மேலதிகாரியோடும் பெட்டி நிறைய ஊசியோடும் வந்தார், டார்ச்சில் புதுப் பாட்டரியோடு. ஆறு மாதம் தாண்டிய எல்லாருக்கும் போடலாம் என்றார்கள், மூனோவுக்கும் போட்டார்கள். நம் தாய்மார்கள் சீக்கிரமே கவனித்துவிட்டார்கள் என்று சிட்டாலி அதிகாரியிடம் சொன்னார்.

"தாய்மார் இல்ல சார், ஒருத்தி" என்றேன். "தராசைப் பாருன்னு நீங்க அனுப்பின ஒருத்தி."

அவர் ஊசிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு ஆறவில்லை. உண்மையைச் சொன்னால் போதாதா? செத்த பிள்ளையைத் தோண்டி எடுத்துக் காட்டினால்தான் ஒரு பெண் சொல்வதை நம்புவீர்களா? என் முழங்கால் மண்ணில் பட்டால்தான் என் கண் சரியாகப் பார்த்ததாக ஆகுமா?

வரிசையில் இருந்த மூன்று பிள்ளைகளுக்கு அம்மை கண்டது, மூன்றும் பிழைத்தன. பன்னிரண்டாம் நாள் காலையில் மூனோவுக்கு மூக்கு ஒழுகியது. கதவை முழுக்கத் திறந்து வெளிச்சத்தில் அவன் வாயைப் பிளந்து பார்த்தேன். உள்கன்னம் வழவழப்பாக, சுத்தமாக இருந்தது. கண் வெள்ளையாக இருந்தது. என் விரலைக் கடித்துவிட்டுச் சிரித்தான். அதற்கப்புறமும் மூன்று நாள், விடிந்ததும் பொழுது சாய்ந்ததும் பார்த்தேன். தடிப்பு வரவில்லை.

நான்காம் நாள் வேலிக்கு வெளியே பினா லுஷோமோ நின்றாள். பையன் தேறிவிட்டான், தொற்று நாள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் உள்ளே வரவில்லை. அங்கேயே மண்ணில் முழந்தாளிட்டு, தலை குனிந்து கை தட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எழுந்திரு கழுதைப்புலி" என்றேன். "முட்டி தேய்ஞ்சா உன் புருஷன் வேற ஒருத்தியைப் பார்ப்பான்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதபடியே, யானைக்கு இன்னும் கொழுப்பு அடங்கலை என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூனோவுக்கு மூக்கு ஒழுகுதாமே, என்ன அது என்று கேட்டாள்.

"சளி" என்றேன். "வெறும் சளி."

பதினோரு வருடத்தில் அன்றுதான் அந்த வார்த்தையை என் வாயால் சொன்னேன்.