இருபத்தைந்தாவது இடம்

இட்ஸெல் பராகனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பாட யூனிட் குறுக்கே நின்றது.

டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஜூனுக்குள் இந்த உள்ளூர்க் கல்லூரியில் அறுபது யூனிட் முடித்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அறுபத்து மூன்று இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவளை மார்ச் கடைசியில் கல்லூரி ஆலோசகர் சௌசா கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ ரெண்டு கால்குலஸ் கணக்குப் பாடம் படிச்சிருக்கே. வியாபாரப் படிப்புக்கு ஒண்ணு, பொருளாதாரத்துக்கு ஒண்ணு. அவங்க ஒண்ணைத்தான் ஒத்துக்குவாங்க. நாலு யூனிட் போச்சு."

"இதை அப்பவே சொல்லக்கூடாதா சார்?"

"அப்ப நீ பியூட்டி பார்லர் வைக்கப்போறேன்னுல்ல சொன்னே? பொருளாதாரம்னு மூச்சே விடலியே!"

ஆக, ஐம்பத்தொன்பது. பருவம் பாதி ஓடிவிட்டது. இனிமேல் தொடங்கவிருந்த வகுப்பு ஒன்றே ஒன்றுதான். நீர்ப் பயிற்சி, காலை ஆறரை மணி, ஒரு யூனிட். மொத்தம் இருபத்து நாலு இடம், இருபத்து நாலும் நிரம்பியிருந்தது.

"முதல் நாள் போய் சுவரோரமா நில்லு. யாராவது வரலைன்னா கோச் உனக்குச் சேர்க்கை நம்பர் எழுதித் தருவார், அதை போன்ல போட்டா சேர்ந்துடலாம்" என்றார் சௌசா.

போய் நின்றாள். பக்கத்தில் இன்னொருவனும் நின்றான். கல்லூரி பேஸ்பால் அணியில் பந்து வீசுகிற கெய்டன். அவனுக்கும் ஒரு யூனிட் குறைகிறதாம். இல்லையென்றால் அணியை விட்டு நீக்கிவிடுவார்களாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் அன்பு இல்லை.

நீச்சல் குளத்துக்குள் இருபத்து நாலு பெண்மணிகள் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். இடுப்பில் மிதக்க வைக்கும் நீலப் பட்டை, தலையில் பூப்போட்ட தொப்பி.

"எல்லாரும் வந்தாச்சு" என்றார் கோச் டட்டில். "இவங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் வருவாங்க. வியாழக்கிழமை கடைசி நாள். அதுக்குள்ள ஒருத்தர் விலகினா ஒரு இடம். ஒண்ணுதான்!"

உடை மாற்றும் அறையில், பார்க்க இளகிய மனதுக்காரியாகத் தெரிந்த திருமதி பிமென்டலை இட்ஸெல் பிடித்தாள்.

"செனோரா, உங்க இடத்தை எனக்கு விட்டுத் தருவீங்களா? எங்க அத்தை சோளத் தோகையில சுத்தி அவிச்சு சுடச்சுட தமாலே செஞ்சு தருவாங்க. ரெண்டு டஜன்."

"பன்னியா, கோழியா?"

"எது வேணுமோ அது."

பிமென்டலின் கண்கள் மின்னின. ஆனால், "இரு மிஹா, என் மகளே, லொரெய்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

லொரெய்ன் அவாக்கியனைக் கேட்பதாவது! உலர்திராட்சை விவசாயிகள் சங்கத்துக்காக முப்பது வருடம் பேரம் பேசிய பெண்மணி அவர். ஆலைக்காரர்கள் அவர் கார் வருவதைக் கண்டாலே மாத்திரை போட்டுக்கொள்வார்களாம். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இதப் பாரு பொண்ணே. இங்க யாரும் தனியா விக்கறதில்ல. ஆறு டஜன் தமாலே. அதோட இந்தப் பருவம் முடியற வரைக்கும் எங்க போன்ல வர்ற கோளாறெல்லாம் நீதான் சரி பண்ணணும்."

"இருபத்து நாலு போனா?"

"இருபத்தாறு. எனக்கு மூணு."

வெளியே வந்தால் கெய்டன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். மறுநாள் காலை அவன் இருபத்து நாலு கார்களையும் வாராவாரம் கழுவித் தருவதாகச் சொல்லிவிட்டான். உடனே திருமதி அவாக்கியன் தமாலேயை எட்டு டஜன் ஆக்கினார். பாவி, விலையை ஏற்றி விட்டானே!

இட்ஸெல் யோசித்தாள். கூட்டாகச் சேர்ந்து விலை வைப்பவர்களை எப்படி உடைப்பது என்று போன பருவம்தான் படித்து, அந்தத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். புதன்கிழமை ஒவ்வொருவராக ஓரங்கட்டினாள். "யார் முதல்ல சரின்னு சொல்றாங்களோ அவங்களுக்கு மட்டும் நாலு டஜன். மத்தவங்களுக்கு ஒரு தோகைகூடக் கிடையாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பத்து நிமிடத்தில் உடை மாற்றும் அறையே குலுங்கிச் சிரித்தது.

"எல்லார் காதுலயும் அதே ரகசியத்தையா ஓதுவே?" திருமதி அவாக்கியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆலைக்காரங்களும் எங்ககிட்ட இதையேதான் செஞ்சாங்க. அவங்க கொஞ்சம் நல்லா நடிச்சாங்க. விலை இப்ப பத்து டஜன்."

முழு மதிப்பெண் வாங்கியவளின் முகம் தொங்கிப் போனது. பத்து டஜன் என்றால் அத்தை துடைப்பத்தை எடுப்பாள். குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டு அளைந்தாள். அத்தனை பெரிய குளம். நடுவில் ஒரு கூட்டமாக அவர்கள் மிதக்கிறார்கள், முக்கால் குளம் காலியாகத்தான் கிடக்கிறது.

"கோச், இது என்ன கணக்கு? ஏன் இருபத்து நாலு?"

"பட்டை இருபத்து நாலுதான் இருக்கு. மிதக்கறதுக்கு எதுவும் இல்லாம ஆளை இறக்கினா இன்ஷூரன்ஸ்காரன் என்னைத் தொலைச்சுடுவான்."

"பட்டைதான் வேணுமா? வேற ஏதாவது மிதக்குறது?"

கோச் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறையைப் போய்ப் படித்தார். இத்தனை வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் படித்தார் போலிருக்கிறது. "அரசு முத்திரை இருக்கணும்னு மட்டும்தான் போட்டிருக்கு."

வியாழக்கிழமை காலை. பெண்மணிகள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, விலகப்போவது பிமென்டல்தான் என்று முடிவு செய்திருந்தார்கள். கெய்டன் கார் கழுவுவதோடு நாய்களை நடக்கக் கூட்டிப்போவதாகவும் சேர்த்துச் சொல்லியிருந்தான். திருமதி அவாக்கியன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி விலைக்காகக் காத்திருந்தார்.

இட்ஸெல் வந்தாள். சூயி மாமா ஏரியில் மீன் பிடிக்கப் போகும்போது போடுகிற மிதவைச் சட்டை அவள் உடம்பில். மாமா முன்னூறு பவுண்டு ஆள். ஆரஞ்சு நிறச் சட்டை அவளைக் காது வரை விழுங்கியிருந்தது. மீன் வாடை அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. முதுகில் மட்டும் அரசு முத்திரை பளிச்சென்று இருந்தது.

கோச் முத்திரையைப் பார்த்தார், விதியைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டில் நம்பரை எழுதினார். "இருபத்தஞ்சு!"

அவள் அங்கேயே நின்று போனில் நம்பரைத் தட்டினாள். சேர்க்கப்பட்டது. ஐம்பத்தொன்பதும் ஒன்றும் அறுபது. போட்ட கூச்சலில் குளத்துப் புறாக்கள் பறந்தன.

"அப்ப என் தமாலே?" என்றார் பிமென்டல், அழாத குறையாக.

"எனக்கு?" என்றான் கெய்டன், அதைவிடப் பரிதாபமாக.

இட்ஸெல் தோள்பையைத் திறந்தாள். உள்ளே இரண்டாவது ஆரஞ்சுச் சட்டை. மாமாவின் படகில் இரண்டு பேர் உட்காரலாம்.

"உனக்குத் தரேன். ஆனா தினமும் ஆறு மணிக்கே வந்து, வாசல் பக்கத்துல எனக்கு கார் நிறுத்த இடம் பிடிச்சு வைக்கணும். மழையா இருந்தாலும் நிக்கணும்."

"ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் இருபத்து நாலு காரும் நாயும் ஒத்துக்கிட்டேன். இது எவ்வளவோ தேவலை" என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டான். "கோச், இருபத்தாறு!"

நாய்களும் கார்களும் ஒரே வீச்சில் கை நழுவியதில் பெண்மணிகள் கூச்சலிட்டார்கள். திருமதி அவாக்கியன் மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தண்ணீரில் இறங்கினார். பயிற்சி பாதியில், ஆரஞ்சு மூட்டையாக மிதந்துகொண்டிருந்த இட்ஸெல் பக்கம் மெல்ல ஒதுங்கி வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் பொண்ணே, உன் மாமாகிட்ட இன்னொரு சட்டை இருக்குமா? செப்டம்பர்ல என் தங்கச்சிக்கு இடம் வேணும். யார்கிட்டயும் சொல்லிடாதே."

இட்ஸெல் மூக்கு வரை மூடிய சட்டையை ஒரு கையால் கீழே அழுத்திக்கொண்டு கேட்டாள்:

"இது சங்கத்து விலையா மேடம், இல்ல தனியா வாங்கறீங்களா?"