நாலாவது மிலா

அந்த வருஷம் சோவியத் நாட்டில் நான்கு மிலாக்கள் இருந்தார்கள். ஒருத்தி மாஸ்கோவில், தொலைக்காட்சிக்கு. ஒருத்தி வோல்கா நதிக்கரை ஊர்களுக்கு. ஒருத்தி சைபீரியாவில், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகளுக்கு. நாலாவது மிலா எங்கள் குழுவில். ஒதெஸ்ஸாவிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களெல்லாம் எங்கள் பங்கு. நால்வருக்கும் அதே பொன்னிற முடி, அதே வெள்ளைப் பூட்ஸ், அதே ஐந்து பாட்டு. ஒலிநாடா ஓடும், அவர்கள் வாயசைப்பார்கள். வானொலியில் குரலை மட்டுமே கேட்டிருந்த ஜனங்கள், வந்து நின்றவளை மிலா என்று கொண்டாடினார்கள்.

அந்த ஒலிநாடாவில் நிஜமாகப் பாடியவள் நாலாவது மிலாதான். அவள் பெயர் ரிம்மா. வயது முப்பத்தொன்று. தன்யூப் நதிக்கரையில் இஸ்மாயில் ஊரில், ஒரு உணவகத்தில் பாடிக்கொண்டிருந்தவள்.

பதிவு நடந்த அன்று உதவியாளாக நானும் அங்கே இருந்தேன். துறைமுகத் தொழிலாளர் மன்றத்தின் அடித்தள அறை. ரிம்மாவின் குரல் கனமானது, பிளம்பழ ஜாம் மாதிரி கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் முதலாளி எட்வர்ட் பெத்ரோவிச் கண்ணை மூடிக் கேட்டார்.

"குரல் பிரமாதம். வயசுதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். அவன் ஒரு குமிழைக் கொஞ்சம் திருகினான். ஒலிநாடா வேகமாக ஓடியது, முப்பத்தொரு வயசு பதினேழானது.

ரிம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ, என் தங்கச்சி பாடுற மாதிரி இருக்கு! எனக்குத் தங்கச்சியே கிடையாதே!"

"முதல்ல ரேடியோ. அப்புறம் மேடையில உன் சொந்தப் பேர்லயே நிப்ப" என்றார் பெத்ரோவிச். அந்த ஆள் பொய் சொல்லும்போது குரல் அம்மாவுடையது போல மிருதுவாகிவிடும். நான் மீன் கடையில் வளர்ந்தவன். அழுகின மீனைப் புதுசு என்று விற்கிறவன் எந்தச் சுருதியில் பேசுவான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சுருதியைக் கேட்டும் நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பாட்டு தீப்பிடித்தது. தொலைக்காட்சியில் கூப்பிட்டபோது பெத்ரோவிச் இலோனா என்ற பெண்ணை மிலா என்று கொண்டுபோய் நிறுத்தினார். இலோனாவுக்குப் பாட வராது. ஆனால் பாடுகிறவள் போல நிற்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ரிம்மா சண்டை போட்டாள். அவள் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அவர் மேஜையில் எடுத்து வைத்தார். பிறகு பெரிய மனசு பண்ணி நாலாம் குழுவைக் கொடுத்தார். அப்படித்தான் அவள் தன் குரலுக்கே வாயசைக்க வந்து சேர்ந்தாள்.

"நாலு பேர்ல நான்தான் மட்டமா வாயசைக்கிறேன், கோஸ்தியா" என்பாள். "மத்தவங்க ஒத்திகை பாத்துட்டு வராங்க. எனக்கு மூச்சு எடுக்கிற இடமெல்லாம் தப்புது."

இத்தனையையும் அவள் பொறுத்துக்கொண்டாள். இசைத்தட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும்தான் பொறுமை போயிற்று.

"மேடை இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. தட்டு அப்படியில்லடா. அது வீட்டுக்கு வீடு அலமாரியில இருக்கும். அட்டையில என் பேரு வரணும். மூலையில எறும்பு சைஸ்ல வந்தாலும் போதும். இலோனா மூஞ்சியோட வந்துட்டா, அப்புறம் நான் செத்தாலும் அது அவ குரல்தான்."

எங்கள் ஊர் இளைஞர் பத்திரிகை ஒன்றில் தமாரா விக்தோரோவ்னா என்றொரு ஆசிரியர். அவர் எழுதினால் மாஸ்கோவரை தொலைபேசி அலறும். ரிம்மா அவரிடம் போனாள். அவர் சொன்னது சுருக்கம். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வா. பியானோ இருக்கு. பாடு. அதே குரல்னா எழுதுறேன், தட்டு வர்றது நிக்கும். பதிவு நடந்தப்போ கூட இருந்த ஆள் ஒருத்தனையும் கூட்டிட்டு வா."

அந்த ஆள் நான்.

வியாழன் காலை எட்டு மணிக்குப் பிரிவோஸ் சந்தையில் அம்மாவின் கடைக்குப் பெத்ரோவிச் வந்தார். ஒட்டகத்தோல் நிறக் கோட்டு, மீன் தண்ணீரில் பளபளக்கும் பூட்ஸ்.

"ஸோயா ஸ்பிரிதோனவ்னா, அந்தப் பெரிய தட்டைமீன் என்ன விலை?"

அம்மா வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினார். அம்மா பணத்தைத் தொடவில்லை.

"என்னங்க இது? பேரம் பேசுங்க. ரெண்டு வார்த்தை திட்டுங்க. மீன் கண்ணு கலங்கியிருக்குன்னு சொல்லுங்க. நான் முப்பது வருஷமா கடை போடுறேன், யாரும் என்னை இப்படி அவமானப்படுத்தினதில்ல."

"நல்ல பொருளுக்கு என்னம்மா பேரம்" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கோஸ்தியா, அஞ்சாம் குழு ஆரம்பிக்கிறேன். கிரீமியா, கோடைக்காலம் முழுக்க. தலைவனா ஒரு ஆள் வேணும். இன்னிக்கு மதியம் முடிவு பண்ணிடலாம்னு இருக்கேன். பதினோரு மணிக்கு எங்கேயோ போறியாமே? போய்ட்டு வா. நானும் வரேன்."

அவர் போனதும் அம்மா மெதுவாகக் கேட்டாள். "டேய், இந்தாளு உங்கிட்ட இருந்து என்னடா வாங்கிட்டுப் போறான்?"

"ஒண்ணுமில்லம்மா. மீன்தான்."

பத்திரிகை அலுவலகத்தில் ரிம்மா கருப்புப் பாவாடை போட்டு, பொன்னிற விக் இல்லாமல் வந்திருந்தாள். சொந்த முடி எலிச் சாம்பல் நிறம். பெத்ரோவிச் மூலையில் உட்கார்ந்து, தாராளமாக, "பாடட்டுமே, கேப்போம்" என்றார். அவர் அவ்வளவு தாராளமாக இருந்தபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

அவள் பாடினாள். மூச்சு எடுக்கிற இடமெல்லாம் சரியாக இருந்தது. பக்கத்து அறையில் தட்டச்சு இயந்திரங்கள் நின்றன. ஒரு பெண் கதவைத் திறந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அந்தப் பாட்டு பதினேழு வயதுப் பெண் காத்திருக்கிற பாட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காத்திருந்து அலுத்துப்போனவளின் பாட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தமாரா விக்தோரோவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அங்கிருந்த ரீல் இயந்திரத்தில் ஒலிநாடாவைப் போட்டார். குட்டி மணி மாதிரி மெல்லிசாக, சுறுசுறுப்பாக அந்தக் குரல் வந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"நீ நல்லாப் பாடுறம்மா. இவளைவிட நல்லாவே பாடுற. ஆனா இவ நீ இல்ல."

"அதை வேகமா ஓட்டியிருக்காங்க! குமிழைத் திருகினாங்க! கோஸ்தியாவைக் கேளுங்க, அவன் பக்கத்துலதான் நின்னான்!"

பெத்ரோவிச் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வானிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நீதானே தினமும் ஒலிநாடா போடுற" என்றார் ஆசிரியர். "இவ சொல்ற மாதிரி செய்ய முடியுமா? செஞ்சாங்களா?"

ஒரே ஒரு சொல் போதும். ஆமாம். எங்கள் சந்தையில் அந்தச் சொல்லை யாரும் இலவசமாகக் கொடுப்பதில்லை. நானும் அதை விற்றேன்.

"எனக்குத் தெரியாதுங்க. போடவும் நிறுத்தவும்தான் தெரியும். அன்னிக்கு நான் டீ வாங்கப் போயிருந்தேன்."

ரிம்மா என்னைத் திட்டவில்லை. நான் சொன்னதுதான் உண்மையோ, டீ வாங்கத்தான் போயிருந்தேனோ என்று யோசிக்கிறவள் போல நெற்றியைச் சுருக்கினாள்.

அடுத்த வாரம் பத்திரிகையில் நாலு வரி வந்தது. பிரபலத்தின் நிழலில் குளிர்காய நினைக்கும் ஒரு உணவகப் பாடகியைப் பற்றி. பெயர் போடாத பெருந்தன்மை. இஸ்மாயிலில் எல்லோருக்கும் பெயர் தெரிந்திருந்தது. ரிம்மா ஊருக்குப் போனாள். உணவகத்தில் அவள் இடத்தில் வேறொருத்தி. கடைவீதியில் போனால், "ஏய், போலி மிலா! எங்க, வாயை அசைச்சுக் காட்டு!" மே மாதம் இசைத்தட்டு வந்தது. அட்டை முழுக்க இலோனா. மூலையில் எறும்பு சைஸில் அச்சகத்தின் பெயர்.

ஜூனில் ரிம்மா திரும்பி வந்தாள். பெத்ரோவிச் அவளிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார். இனிமேல் அவள் என் கையில், அஞ்சாம் குழுவில்.

கிரீமியாவில், யெவ்பத்தோரியா ஊரில் ஒரு தொழிற்சங்க ஓய்வு இல்லம். மதியம் நாலு மணிக் காட்சி. திரைக்குப் பின்னால் நாங்கள் இருவர்தான். அவள் விக்கைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். தள்ளுபடி கேட்கிற வாடிக்கைக்காரன் மாதிரி ஆரம்பித்தேன்.

"ரிம்மா, இதைக் கேளு."

ஒலிநாடாவை ஓடவிட்டு, சுழலும் ரீலின் விளிம்பில் விரலை லேசாக வைத்தேன். வேகம் குறைந்தது. அந்தக் குட்டி மணி கனத்தது, தழைந்தது, கொஞ்சம் நடுங்கியபடி ரிம்மாவானது. வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு விரல்.

அவள் சீப்பைப் பிடித்தபடி ஒரு சரணம் முழுக்கக் கேட்டாள்.

"பத்திரிகை ஆபீஸ்ல இருந்ததும் ரீல் மெஷின்தானே?"

"ஆமா."

"அன்னிக்கே உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

திட்டினால் தலை குனிந்திருப்பேன். அறைந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ஒரு விலை சொல்லியிருந்தால், எவ்வளவானாலும், பேசாமல் கொடுத்திருப்பேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல். அவள் விலையே சொல்லவில்லை. விக்கை மாட்டினாள், முன்முடியை இரண்டு ஊசியால் குத்தினாள்.

"கையை எடு" என்றாள். "ஜனங்க உக்காந்துட்டாங்க."

"ரிம்மா, வேணும்னா நாளைக்கே நான் ஒதெஸ்ஸா போய் தமாரா விக்தோரோவ்னாகிட்ட..."

"நீ போவியா?"

நான் ரீலைத் திரும்பச் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தேன். கிரீமியாவில் கோடை இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

"அதான்" என்றாள். "முதல் பாட்டைப் போடு."

திரை திறந்தது. சன்னமான, பதினேழு வயதுக் குரல் அரங்கை நிறைத்தது. நடுவில் நின்று ரிம்மா வாயசைத்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு மூச்சு எடுக்கிற இடம் ஒன்றுகூடத் தப்புவதில்லை. அத்தனை மிலாக்களிலும் அவள்தான் பிரமாதம் என்று பெத்ரோவிச்சே சொல்கிறார்.